உப்பும் வெயிலும்: வட ஆர்க்காட்டுச் சமவெளியில் ஊன் உணக்கும் மரபும் உப்பு வரியும்

ஆய்வுச்சுருக்கம்

இறைச்சியை வீட்டிலேயே உப்பிட்டுச் சேமிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் உள்ளது. ஐரோப்பாவில் அது பன்றியின் கொழுப்புப் பகுதியை உப்பிட்டுப் புகையூட்டும் ‘பேக்கன்’ ஆயிற்று. சேத்துப்பட்டு, ஆரணி உள்ளிட்ட தொண்டைநாட்டுச் சமவெளியில் அது வெயிலில் உணக்கிய உப்புக்கண்டமாக நிலைபெற்றது. இவ்வேறுபாட்டின் காரணங்களையும், காலனிய உப்பு வரி இம்மரபைத் தொட்ட விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உப்புக்கண்டம், வாடூன், தொண்டைநாடு, உப்பு வரி, வெடியுப்பு.

தொண்டைநாட்டுச் சான்றுகள்

இம்மரபின் தொன்மையை அறியப் பெரும்பாணாற்றுப்படை முதன்மைச் சான்றாகும். தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட இந்நூலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மூன்று செய்திகளைத் தனித்தனி இடங்களில் தருகிறார். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகள் நெடுவழியில் செல்கின்றன. எயினர் குடியிருப்பில் பெண்கள் கட்டாந்தரையைக் கிளறிச் சேர்த்த புல்லரிசியை உவர்நீரில் சமைத்து வாடூனுடன் விருந்தினர்க்கு அளிக்கின்றனர். கள் சமைப்போர் வீட்டிலோ, குழியில் நிறுத்தி நெல்மாவு ஊட்டிப் பல நாள் வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த ஊன் கள்ளோடு கிடைக்கிறது.

வாடூன் என்பதற்கு உப்புக்கண்டம் எனப் பொருள் கொள்வது மரபு. இம்மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. உணக்கிய ஊன் வறண்ட நிலத்தாரின் சேமிப்பு உணவாகக் காட்டப்படுகிறது. வீட்டில் வளர்த்த பன்றியின் கொழுப்பு, உணக்கப்படாமல் உடனே உண்ணப்படுகிறது. இதனைப் புலவரின் தற்செயலான வருணனை என்று ஒதுக்குவதற்கில்லை. மெலிந்த தசையிலிருந்து நீரை வெயில் வாங்கிவிடும்; அதனால் அது கெடாமல் நிற்கும். கொழுப்போ வெயிலில் உலர்வதில்லை. காற்றும் வெப்பமும் பட்டுக் காறிப்போகும். வெப்பநாட்டில் கொழுப்பைச் சேமிப்பதைவிட அன்றே உண்பதே அறிவுடைமை.

புகை ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவிற்கு மலைபடுகடாம் ஒரு குறிப்பைத் தருகிறது. செங்கண்மாத்து நன்னன்சேய் நன்னனைப் பாடிய இந்நூலின் நவிரமலை, சேத்துப்பட்டுக்கு மேற்கேயுள்ள பர்வதமலை எனக் கருதப்படுகிறது. வழியில் காட்டுப்பன்றி கிடைப்பின், மூங்கில் உரசி எழுந்த தீயில் புகைநாற்றம் ஏறாதவாறு அதன் மயிரைப் போக்கி வாட்டி உண்டு, எஞ்சியதைப் பொதியாகக் கட்டிக்கொள்ளுமாறு கூத்தர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. பேக்கன் செய்வோர் விரும்பி ஏற்றும் புகைமணம் இங்கு விலக்க வேண்டிய குற்றமாக இருப்பது கவனத்திற்குரியது.

வெயிலும் அடுப்பும்

உப்புக்கண்டம் இடும் முறை எளியது. எலும்பு நீக்கிய ஆட்டிறைச்சியை நீளவாட்டில் அரிந்து, உப்பும் மஞ்சளும் அரைத்த மிளகாயும் தடவி ஊறவைப்பர். பின்னர் நூலில் கோத்துக் கொடியில் கட்டி, பகலில் காயவிட்டு மாலையில் உள்ளே எடுப்பர். சில நாட்களில் துண்டுகள் விறைத்துக் கறுக்கும். அவற்றை ஜாடியில் இட்டு வைத்து, வேண்டும்போது நீரில் ஊறவைத்தோ தட்டியோ வறுப்பர். மிளகாய் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிற்பட்டது. உப்பும் வெயிலுமே இம்முறையின் பழைய அடிப்படைகள் எனலாம்.

இதே வினை மேற்குமலைப் பகுதியில் வேறு வடிவம் கொள்கிறது. குடகில் பன்றி இறைச்சியை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டு உணக்குவர்; அது ‘ஒணக் எரச்சி’ எனப்படும். மலையாளத்தில் ‘உணக்க இறச்சி’. தமிழின் உணங்கு, உணக்கல் என்னும் சொற்களோடு இவை ஒரே வேரின. சொல் ஒன்றாயிருக்க, வழி வேறானது மழையால் ஆகும். மாதக்கணக்கில் கதிரவன் முகம் காட்டாத குடகில் அடுப்புப் புகையைத் தவிர வேறு துணை இல்லை. பங்குனி, சித்திரை வெயில் முற்றத்திலேயே கிடைக்கும் ஆரணிச் சமவெளியில் புகைக்குத் தேவை எழவில்லை. இசுலாமியர் பக்ரீதை அடுத்த மூன்று நாட்களை ‘அய்யாமுத் தஷ்ரீக்’ என்பர். தஷ்ரீக் என்பதற்கு இறைச்சியை வெயிலில் உணக்குதல் என்றொரு விளக்கம் உண்டு. குர்பானி இறைச்சியை உப்புக்கண்டமாக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அரபுப் பாலையின் வெயிலும் தமிழகத்தின் வெயிலும் ஒரே பணியைச் செய்கின்றன.

பேக்கனுக்குக் குளிர் இன்றியமையாதது. இங்கிலாந்திலேயே அது நெடுங்காலம் குளிர்காலத் தொழிலாக இருந்தது. வில்ட்ஷயரின் கான் நகரில் ஹாரிஸ் குடும்பத்தார் பனிக்கட்டி அறை அமைத்து 1864இல் காப்புரிமை பெற்ற பின்னரே ஆண்டு முழுதும் அதனைச் செய்ய முடிந்தது. அதன் செந்நிறத்திற்குக் காரணம் வெடியுப்பு. அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ஊனின் நிறமியோடு சேர்வதால் அந்நிறம் நிலைக்கிறது. ஐரோப்பாவுக்கு அவ்வெடியுப்பைப் பெருமளவில் வழங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிகம். இந்திய மண்ணின் உப்பு துப்பாக்கி மருந்துக்கும் ஆங்கிலேயர் காலையுணவிற்கும் ஒருசேரப் பயன்பட்டது ஒரு வரலாற்று முரண்.

உப்பு வரி

உப்பின் விலையே உப்புக்கண்டத்தின் எல்லை. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. உவர்மண்ணைக் கரைத்து உப்பும் வெடியுப்பும் எடுத்து வாழ்ந்த உப்பிலியர் முதலானோர் தொழிலிழந்து மண்வேலைக்குச் சென்றனர். 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் ஆர்க்காட்டுப் பகுதிகளைக் கடுமையாகத் தாக்கியது. கால்நடைகள் தீவனமின்றி மடிந்தன. சேத்துப்பட்டுப் பகுதியில் தாராஸ் அடிகளாரின் கத்தோலிக்கப் பணி விரிவடைந்ததும் இப்பஞ்சச் சூழலில்தான். பஞ்சத்தின் சுவடு மாறாத 1878இல் மணங்கு ஒன்றிற்கு (ஏறத்தாழ 37 கிலோ) ரூ. 1 அணா 13 ஆக இருந்த வரி ரூ. 2 அணா 8 ஆக உயர்த்தப்பட்டது. இறைச்சி ஒருசேர மிகுந்து, அதனைக் காக்கும் பொருள் எட்டாத விலைக்குச் சென்ற காலம் அது. அதே 1878இல் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூல் சென்னையில் வெளிவந்தது. டப்பாவில் அடைத்த சீமைப் பண்டங்களின்மேல் ஆங்கிலேயர் கொண்ட மோகம் அதில் சாடப்படுகிறது. இரு உலகங்களின் இடைவெளியைக் காட்ட இவ்வாண்டு ஒன்றே போதும்.

அரசு இச்சிக்கலை அறியாமல் இல்லை. கடற்கரையில் விலை மிகுந்த உப்புக்கு மாற்றாக மீனவர் உவர்மண்ணைப் பயன்படுத்துவதும் அதனால் மீன் கெடுவதும் 1873இல் பிரான்சிஸ் டே வெளியிட்ட அறிக்கை முதலான ஆய்வுகளால் கவனத்திற்கு வந்தன. அடுத்த ஆண்டுகளில் அரசின் மேற்பார்வையில் மீன் உப்பிடும் களங்கள் திறக்கப்பட்டு, வரி நீக்கிய உப்பு வழங்கப்பட்டது. கருவாடு ‘தொழில்’ என ஏற்கப்பட்டதால் இச்சலுகை கிட்டியது. உள்நாட்டு முற்றங்களில் பெண்கள் செய்த உப்புக்கண்டம் எந்தத் துறையின் கணக்கிலும் வரவில்லை. வரி 1947இல் நீங்கும்வரை அவர்கள் முழு விலை கொடுத்தே உப்பு வாங்கினர்.

பதிவின்மை

இம்மரபு ஏட்டில் குறைவாக இடம்பெற்றதற்கு வரி மட்டும் காரணமன்று. உணக்கிய மாட்டிறைச்சி ஒடுக்கப்பட்டோரின் பஞ்சகால வைப்பு. இறந்த மாட்டின் ஊனைக் கைவிடுமாறு 1927இல் மகாடில் அம்பேத்கர் விடுத்த அழைப்பு, இழிவைச் சுமத்திய அமைப்பிற்கு எதிரானது. அந்த அரசியல் தேவையை ஏற்கும் அதேவேளை, அவ்வுணவின் தொழில்நுட்ப அறிவைப் பதிவு செய்வதும் வேண்டற்பாலது. மராத்தியில் சாகூ பாட்டோளே 2015இல் வெளியிட்ட நூல் தலித் சமையலைத் தலித் பார்வையிலேயே விரிவாகப் பதிவு செய்து இதற்கு வழிகாட்டியது. தமிழில் சங்க இலக்கிய உணவுகளைத் தொகுக்கும் ஆய்வேடுகள் பலவும் வாடூனுக்குப் பொருள் எழுதியதோடு நின்றுவிடுகின்றன. அதே உணவை இன்றும் கொடியில் காயவிடும் வீடுகளுக்குள் அவை செல்வதில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்தபின் அத்தகைய வீடுகள் குறைந்து வருகின்றன. எவ்வளவு இறைச்சிக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில், எந்தப் பதத்தில் ஜாடிக்கு மாற்றுவது என்பன யாவும் முதிய பெண்களின் கைப்பழக்கத்திலேயே தங்கியுள்ளன.