தண் என்னும் சொல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே அமைந்த ஊர் தேவாரம். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கிலே வீசுங்கால், அங்குள்ளோர் அதனைக் 'குளிர்ந்த காற்று' என்பர். பண்டைத் தமிழரோ 'தண்வளி' என்று சுருங்கக் கூறுவர். இவ்விரு வழக்குகளுக்கும் இடையே ஒரு சொல்லின் வரலாறு அடங்கியுள்ளது.

தண்மை என்பது பண்புப்பெயர். அது வேறொரு பெயரோடு புணருங்கால் 'மை' என்னும் ஈறு கெடும் என்பது பவணந்தியாரின் நன்னூல் காட்டும் நெறி. தண்மையும் தமிழும் சேர்ந்து தண்டமிழாயின; தண்மையும் நீரும் சேர்ந்து தண்ணீராயின. கம்பம் பள்ளத்தாக்கை 1895 முதல் வளம்படுத்தி வரும் பெரியாற்றின் பெயரும் அந்நெறியின் பாற்பட்டதே. பெருமையில் 'மை' கெட்டு, இடை உகரம் இகரமாகிப் 'பெரி' என நின்று, ஆற்றோடு சேர்ந்தது.

பெயர் எதுவாயினும் 'தண்' என்பது பால் காட்டாது, எண் காட்டாது, வேற்றுமையும் ஏலாது. திராவிட மொழிகளின் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எடுத்துரைத்தார். ஜெர்மன் மொழியிலோ குளிர்ந்த காற்று 'கால்ட்டர் விண்ட்'. குளிர்ந்த நீர் 'கால்ட்டெஸ் வாஸர்'. பெயரின் பாலுக்கேற்ப அடைமொழியின் ஈறு மாறுகின்றது. அதன் இனமொழியாகிய ஆங்கிலம் அவ்வீறுகளை இழந்து 'கோல்ட்' என்னும் ஒரே வடிவத்தை எங்கும் வழங்குகின்றது.

இச்சொற்களின் பிறப்பு வியப்புக்குரியது. குளிர்தல் என்னும் பொருளுடைய ஒரு பழைய வினையின் எச்ச வடிவமே கோல்ட், கால்ட் என நின்றது. அஃதாவது, அவற்றின் முதற்பொருள் 'குளிர்ந்த' என்பதே. தமிழும் பிற்காலத்தில் அவ்வழியே சென்றது. பண்படியாகிய 'தண்' தனித்து வழங்குதல் அருகியது. 'குளிர்ந்த' என்னும் பெயரெச்சம் அதன் இடத்தைப் பெற்றது.

எனினும் தண் மறைந்துவிடவில்லை. கன்னடத்தில் தண்ணீரு இன்றும் குளிர்ந்த நீரையே குறிக்கும். மலையாளத்தில் குளிர்ச்சி தணுப்பு எனப்படும். தமிழில் தண்ணீர் நீருக்கே பொதுப்பெயராயிற்று. அதனாலன்றோ 'சுடுதண்ணீர்' என்னும் வழக்கு தோன்றிற்று! வெந்நீர் என்பதே பழஞ்சொல். ஆயினும் சுடுதண்ணீர் என்போரை நாம் எள்ளுதல் வேண்டா. ஒரு சொல்லின் பொருள் மங்கியதற்கு அதுவே சான்று. ஆனால் பழம்பாடல்களில் தண்ணீரையும் தண்பொருநையையும் காணுங்கால் அக்குளிர்ச்சியை உணராது போவோமாயின், புலவர் உரைத்ததில் பாதியை இழப்போம். தட்பவெப்பம் என்று நாள்தோறும் கூறுகின்றோமே, அந்தத் தட்பத்திலும் தண்ணே உறைகின்றது.