ஊழியர்க்கு ஊழியர்: பட்டமும் பணியும்

ஒரு சமயத்தின் தலைவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றார் என்பது வரலாற்றாராய்ச்சிக்கு உரிய பொருளேயாகும். ஆயின், பட்டப்பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு அவர்தம் பண்பை அளந்துவிடுதல் பொருந்தாது. பெயரையும் செயலையும் ஒருங்கு வைத்து நோக்கிய பின்னரே முடிபு கூறுதல் வேண்டும். கிறித்தவத் திருச்சபையில் ‘கடவுளின் ஊழியர்க்கு ஊழியர்’ என்னும் தொடரைத் தம் பெயரோடு வழங்கிய முதலாம் கிரகோரியாரின் (ஏறத்தாழ 540–604) தலைமையை இம்முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைமை என்பது பணிவிடையே என்னும் கருத்துத் திருச்சபைக்கு நற்செய்தி நூல்களிலிருந்தே வந்தது. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், முதன்மையை விரும்பிய சீடர்க்கு இயேசுபெருமான் விடை கூறுமிடத்து இரண்டு கிரேக்கச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று ‘தியாக்கொனொஸ்’ என்பது; பணிவிடை செய்பவன் என்று பொருள்படும். மற்றொன்று ‘தூலொஸ்’ என்பது; அடிமை என்று பொருள்படும். பெரியவனாக விரும்புவோனுக்கு முன்னதும், எல்லார்க்கும் முதல்வனாக விரும்புவோனுக்குப் பின்னதும் விதிக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. பதவி உயருந்தோறும் பணிவும் ஒருபடி இறங்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் கூறும் கால் கழுவிய நிகழ்ச்சி இக்கருத்தின் செயல் வடிவமாகும்.

கிரகோரியார் கையாண்ட இலத்தீன் தொடரில் உள்ள ‘செர்வுஸ்’ என்னும் சொல்லும் உரோமானியச் சட்டத்தில் விலைக்கு வாங்கப்பெறும் அடிமையையே குறித்தது. தமிழில் ‘ஊழியர்’ என்று பெயர்க்குங்கால் மூலத்தின் கடுமை ஓரளவு குறைந்துவிடுகின்றது. இத்தொடர் முற்றிலும் கிரகோரியார் படைத்ததன்று. இதனையொத்த வழக்கு அகுஸ்தீனார் மடலிலும் உண்டு. 596இல் ஆங்கில நாட்டுக்குச் சென்ற துறவியர்க்குக் கிரகோரியார் விடுத்த மடல் இத்தொடருடன் தொடங்குவதைப் பீடர் தம் வரலாற்று நூலிற் காத்துத் தந்துள்ளார்.

கிரகோரியார் உரோமை நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்தவர். 573ஆம் ஆண்டளவில் அந்நகரின் ஆட்சித் தலைவராய் விளங்கியவர். பின்னர் அப்பதவியைத் துறந்து, தம் இல்லத்தையே துறவி மடமாக்கி, அதில் ஒரு துறவியாய் வாழ்ந்தார். 589இல் தைபர் ஆறு பெருக்கெடுத்தது. அதனைத் தொடர்ந்து கொள்ளைநோய் பரவியது. 590இன் தொடக்கத்தில் பாப்பரசர் இரண்டாம் பெலாகியார் அந்நோயால் இறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் கிரகோரியார் அப்பீடத்தில் அமர்ந்தார். பதவியை ஏற்கத் தயங்கியமைக்குக் காரணம் கூறும் முகத்தான் அவர் இயற்றியதே ‘மேய்ப்புப்பணி விதி’ என்னும் நான்கு பகுதிகளையுடைய நூல். சூழ்ந்திருப்போர் புகழப் புகழ, ஆள்வோன் தன்னைத் தான் அறிந்தவாறு எண்ணாது பிறர் கூறியவாறே எண்ணத் தொடங்குகின்றான் என்று அந்நூல் எச்சரிக்கின்றது. நன்னெறி நிற்போர்க்கு ஆள்வோன் தோழனாகவும், தீநெறி செல்வோர்க்கு மட்டுமே தலைவனாகவும் விளங்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்கு நேர்ந்த முதற் சோதனை ஒரு பட்டத்தைப் பற்றியதே. கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெருந்தந்தை நான்காம் யோவான் (பதவிக்காலம் 582–595) ‘எக்குமெனிக்கொஸ்’ என்னும் அடைமொழியை வழங்கி வந்தார். 595இல் கிரகோரியார் இதனைக் கண்டித்துப் பேரரசர் மௌரீசுக்கும், பேரரசிக்கும், யோவானுக்கும் மடல்கள் விடுத்தார். ஒருவரே உலகளாவிய ஆயர் எனின், ஏனையோர் ஆயரே அல்லர் என்றாகும் என்பது அவர் வாதம். கிரேக்க வழக்கில் அவ்வடைமொழி பேரரசின் எல்லையளவில் நின்ற மதிப்புச் சொல்லாக இருந்திருக்கக்கூடும். இலத்தீனில் ‘உலகம் முழுதுக்கும் உரிய’ என்று பெயர்க்கப்பட்டபோது அதன் பொருள் விரிந்தது. கிரகோரியார் தமக்குக் கிரேக்க மொழி தெரியாது என்று தாமே கூறியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்வாதம் பிறரைத் தாழ்த்துதற்காக மட்டும் எழுந்ததோ என்னும் ஐயம் தோன்றலாம். அதற்கு விடையாவது 598இல் அலெக்சாந்திரியாவின் முதுபெருந்தந்தை யூலோகியுவுக்கு அவர் எழுதிய மடல். யூலோகியு தம் மடலில் ‘தாங்கள் கட்டளையிட்டவாறு’ என்று எழுதியதோடு, அதே உலகளாவிய பட்டத்தைக் கிரகோரியார்க்கும் சூட்டியிருந்தார். கிரகோரியார் இரண்டையும் மறுத்தார். தாம் கட்டளையிடவில்லை, பயனுள்ளதெனக் கண்டதைச் சுட்டினேன் என்றும், தம் உடன்பிறந்தார் மதிப்பிழக்கும் இடத்தில் தமக்கு மதிப்பில்லை என்றும் அவர் எழுதினார். பிறர்க்கு மறுத்த பெயரைத் தமக்கும் மறுத்தமையால் அவர் வாதம் வாய்மையுடையதாகின்றது.

எனினும் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. உரோமைப் பீடத்தின் முதன்மையைக் கிரகோரியார் எங்கும் விட்டுக்கொடுத்தாரல்லர். 602இல் மௌரீசையும் அவர் மக்களையும் கொன்று அரசு கைப்பற்றிய போக்காசுக்கு அவர் எழுதிய வாழ்த்து மடல், அவரைப் போற்றுவோர்க்கும் வருத்தம் தருவதாகும். அப்போக்காசே 607இல், பாப்பரசர் மூன்றாம் போனிபாசியார் காலத்தில், உரோமைத் திருச்சபை எல்லாத் திருச்சபைகட்கும் தலையென ஒப்புக்கொண்டான்.

ஆகவே பட்டத்தைப் பற்றிய மடல்களினும், நிலத்தைப் பற்றிய மடல்களே பணிவின் உண்மையை நன்கு காட்டுவன என்பது எம் கருத்து. உரோமைத் திருச்சபைக்குச் சிசிலித் தீவில் பெருநிலங்கள் இருந்தன. அவற்றை மேற்பார்த்த பேதுரு என்பவர்க்குக் கிரகோரியார் 591இல் விடுத்த ஆணை மடல் குடியானவர் படும் துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. தானியம் அளக்கும் ‘மோதியுஸ்’ என்னும் மரக்கால் 18 ‘செக்ஸ்தாரியுஸ்’ அளவுக்கு மேற்படலாகாது. குடியானவர் திருமணத்துக்கு வாங்கும் கட்டணம் ஒரு பொற்காசுக்கு மிகலாகாது. வறியோரிடம் அதனினும் குறைத்தே வாங்குதல் வேண்டும். வரியின் முதல் தவணையைச் செலுத்த இயலாது வட்டிக்குக் கடன்பட்டு அழிவோர்க்குத் திருச்சபைக் கருவூலமே பணம் கொடுத்துச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுதல் வேண்டும். இவற்றினும் சிறந்தது அம்மடலின் இறுதிப் பகுதி. இவ்வாணைகள் பண்ணைதோறும் குடியானவர் கேட்க வாசிக்கப்படுதல் வேண்டும், அவற்றின் படிகள் அவர்களிடமே கொடுக்கப்படுதல் வேண்டும் என்று அவர் பணித்தார். தம் அலுவலரை எதிர்த்து நிற்றற்கு வேண்டும் எழுத்துச் சான்றைத் தமக்குக் கீழ்ப்பட்டோர் கையிலேயே தலைவர் ஒருவர் கொடுத்துவைத்தார் என்பது இதன் பொருள். பணிவு மனநிலையாக மட்டும் நில்லாது ஆட்சிமுறையாக மாறிய இடம் இதுவேயாம்.

அடிமை நிலையைப் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். தோமா, மொந்தானா என்னும் இரு திருச்சபை அடிமைகளை 595ஆம் ஆண்டளவில் விடுதலை செய்த மடலில், இயற்கையால் உரிமையுடையோராய்ப் பிறந்த மக்களை மீண்டும் அவ்வுரிமையிற் சேர்த்தல் நலம் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். ஆயினும் திருச்சபை நிலங்களில் ஏனை அடிமைகள் அடிமைகளாகவே இருந்தனர். தம்மை ‘அடிமைகட்கு அடிமை’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தவர், அச்சொல் நேர்ப்பொருளிற் குறித்த மக்களை முழுதும் விடுவித்தாரல்லர். அக்காலத்துக்கு இஃது இயல்பே எனலாம். எனினும், அவர் கூறிய காரணமே அவர் செய்யாது விட்டதற்கும் அளவுகோலாகி நிற்கின்றது.

9ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் யோவான், உதவி பெற்ற வறியோரின் பெயரும் கொடுத்த பொருளும் குறித்த பேரேடு ஒன்று தம் காலத்தும் இலாத்தரான் மாளிகையில் இருந்தது என்கின்றார். பட்டத்தின் பிற்கால வரலாறு வேறு. அது நாளடைவில் பாப்பரசர்க்கே உரியதாயிற்று. ஆணைப் பத்திரங்களின் முகப்பில் நிலையான வாய்பாடாக அமைந்தது. உரோமை ஆயர்க்குக் கீழ்ப்படிதல் மீட்புக்கு இன்றியமையாதது என்று எட்டாம் போனிபாசியார் 1302இல் அறிவித்த காலத்தும் அதுவே வாய்பாடு. சொல் மாறவில்லை, அதனைத் தாங்கிய செயல் மாறிற்று.

தமிழ் வழக்கிலும் இம்முரண் ஒருவாறு பதிந்துள்ளது. ‘பாப்பா’ என்னும் சொல்லுக்குத் தந்தை என்பதே பொருள். அதனோடு ‘அரசர்’ என்பதைச் சேர்த்து நாம் ‘பாப்பரசர்’ என வழங்கினோம். ‘திருத்தந்தை’ என்னும் வழக்குப் பின்னர்ப் பெருகிற்று. தந்தையோ, அரசரோ, ஊழியரோ என்பதைப் பெயர் முடிவு செய்துவிடாது. கிரகோரியாரைப் பொறுத்தவரை, சிசிலிக் குடியானவர் கையில் அவர் கொடுக்கச் செய்த ஆணைப் படியே அவர் பட்டத்துக்குத் தக்க உரையாகும் என்பது எம் துணிபு.