பசிக்குக் கட்டம் இல்லை

தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களை எங்க சேரிப் பெரியவங்க ‘வயிறு காஞ்சு செத்தாங்க’ என்றுதான் சொல்வார்கள். சர்க்கார் கணக்கைப் புரட்டினால் அப்படியொரு சாவே இல்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. அன்றைய சாவுக் கணக்கில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, ‘இதர காரணம்’ என்று சில கட்டங்கள்தான். பசிக்குக் கட்டம் இல்லை. கூழுக்கு வழியில்லாமல் வற்றிப்போனவன் காய்ச்சலில் சேர்ந்தான். கண்ட கிழங்கையும் தின்று செத்தவள் பேதியில் சேர்ந்தாள்.

யார் எழுதினார்கள்? சாவுச் சேதி சொல்வதும் பிணம் எரிப்பதும் வெட்டியான் வேலை. எழுத்து மணியக்காரர், கர்ணம் கையில். பிணத்தைத் தொட்டவனுக்கு அது எதனால் விழுந்தது என்று தெரியும். தொடாதவன்தான் கணக்கு எழுதினான்.

காலரா பொய்யில்லை. லட்சக்கணக்கில் கொன்றது. ஆனால் அதற்கு உடம்பைத் தயார்செய்து கொடுத்தது எது? 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். கல் உடைக்கிறவனுக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சென்னையில் பஞ்சத்தில் செத்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர் 1889இல் ஒரு நூலே எழுதினார். பட்டினி குடலையே தேய்த்துவிடுகிறது, பேதி அதனால் வருகிறது என்று அவர் கண்டார். அதாவது ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதிய கட்டத்துக்குள்ளேயும் பசிதான் கிடந்தது.

இன்னொரு கணக்கு காட்டிக்கொடுத்தது. 1871இல் மாகாண மக்கள்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம். 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். பெருக வேண்டிய சனம் பத்து வருஷத்தில் குறைந்துபோனது. அதிகம் செத்தது நிலமில்லாத கூலிச் சனம். அதில் நம்ம சனம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு, எந்த மாநிலமும் பட்டினிச் சாவைத் தெரிவிக்கவில்லை என்றது. தெரிவிக்கவில்லை என்றால் சாகவில்லை என்று ஆகிவிடுமா?

சேரியில் ஒரு சாவு விழுந்தால் ‘என்ன நோய்?’ என்பதோடு நிறுத்தாதீர்கள் தோழர்களே. ‘கடைசியா எப்போ சாப்பிட்டாங்க? வீட்டுல அரிசி இருந்துச்சா?’ என்று கேளுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள்.