குங்கிலியப் பிசின் சொன்ன வரலாறு

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவக்கரை கல்மரங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1781-லேயே பிரெஞ்சு இயற்கையாளர் சோன்னரா இவற்றைக் குறிப்பிட்டிருக்கிறார். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். இவை கிடைக்கும் கடலூர் மணற்பாறையில் குங்கிலியக் குடும்பத்து (டிப்டெரோகார்ப்பேசியே) மரங்களின் படிமங்களும் கிடைத்துள்ளன. இன்று இந்தக் குடும்பத்தின் பெருங்காடுகள் இருப்பது மலேசியா, இந்தோனேசியா பக்கம். நம் பக்கம் வெள்ளைக் குங்கிலிய மரத்தைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் இந்தக் குடும்பம் அங்கிருந்து இங்கே வந்ததா? இங்கிருந்து அங்கே போனதா?

இந்தியாவில் கிடைத்த படிமங்கள் வயதில் இளையவை என்பதால், 'அங்கிருந்துதான் வந்தது' என்று பலர் நம்பினார்கள். கல்மரத்தில் செல்களின் அமைப்பு தெரியும். ஆனால் மரத்தின் வேதிப்பொருள் போய் சிலிக்கா நிறைந்துவிடும். பிசின் அப்படியல்ல.

பிசினில் டெர்பீன் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. இலேசானவை காற்றில் கலந்துவிடும். நமக்கு வரும் மணம் அதுதான். கனமானவை ஒன்றோடொன்று பிணைந்து இறுகி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அம்பர் ஆகின்றன. எந்த டெர்பீன் என்பது மரக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஐரோப்பாவின் பால்டிக் அம்பர் ஊசியிலை மரங்களுடையது. குங்கிலியக் குடும்பத்தின் பிசினிலோ காடினீன் வகை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்திருக்கும்.

குஜராத்தில் சூரத் அருகே நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைத்த அம்பரை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியானது. வயது 5 கோடி ஆண்டுகளுக்கு மேல். வேதியியல் கைரேகை குங்கிலியக் குடும்பத்துடையது! ஆசியாவில் அதுவரை தெரிந்த சான்றுகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு பழமை. அதாவது, இந்திய நிலம் ஆசியாவோடு மோதத் தொடங்கிய காலத்திலேயே இந்த மரங்கள் இங்கே இருந்திருக்கின்றன. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த மகரந்த ஆய்வு இன்னும் பின்னோக்கிப் போய், இவை ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியாவை அடைந்தன என்றது.

கசிவை வைத்து மரத்தை அடையாளம் காண்பது நம் ஊருக்கும் புதிதல்ல. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பாஸ்கல், ரமேஷ் இருவரும் எழுதிய மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களுக்கான கையேட்டை 1987-ல் வெளியிட்டது. பூவோ காயோ இல்லாதபோதும் இலை, பட்டை, அதில் கசியும் பால், பிசின் ஆகியவற்றைக் கொண்டு மரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

காட்டில் நிற்கும் மரத்துக்குப் பயன்படும் அதே தடயம், 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த காட்டுக்கும் பயன்படுகிறது. திருவக்கரைக்குப் போனால் இதையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்மரங்கள் காலத்துக்கு 3 கோடி ஆண்டுகள் முன்பே குங்கிலியக் குடும்பம் இந்த மண்ணுக்கு வந்துவிட்டது.