பிக்கப் வண்டியின் அடிப்பாகத் துரு: தடுப்பும் சீரமைப்பும்

கச்சிராயபாளையம் பகுதியில் உரமூட்டை, மரவள்ளி ஏற்றும் பிக்கப் வண்டிகளின் அடிப்பாகம் மழைக்காலத்தில் எளிதில் துருப்பிடிக்கும். குறிப்பாக, பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு ஈரத்துடன் சேர்ந்து இரும்பை விரைவாக அரிக்கும்.

தடுப்பு: உரம் ஏற்றிய அன்றே சேஸிஸ், மட்கார்டு உட்புறங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உலர்த்தவும். நீர் வடியும் துளைகளில் சேறு அடையாமல் பார்த்துக்கொள்ளவும். கழிவு ஆயில் பூச வேண்டாம். ரப்பர் புஷ்கள் கெடும், மண்ணும் மாசுபடும்.

சீரமைப்பு: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் ஸ்டாண்டு கொடுக்கவும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, நன்கு உலர்ந்தபின் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடிக்கவும். ஈரத்தின் மீது பூசினால் உள்ளே துரு தொடரும்.

எச்சரிக்கை: துருப்பிடித்த பிரேக் பைப்பைப் பெயிண்ட் அடித்து மறைக்காமல் உடனே மாற்றவும். கல்வராயன் மலைப்பாதையில் சுமையுடன் இறங்கும்போது அது உடைந்தால் உயிருக்கே ஆபத்து.