சாவி தொலைந்த கதையும் சாவியின் கதையும்



போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சாப்பிட்டு, மொய் எழுதி, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், சாரின் சட்டைப் பையில் கார் சாவி இல்லை. பந்தி நடந்த இடம், கை கழுவிய இடம், மணமேடைக்குப் பின்புறம் என்று பேரன் பேத்திகள் எல்லாரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. இரண்டாவது சாவி? அது நாங்கள் வீடு மாறியபோதே எங்கோ போய்விட்டது. "அப்புறம் ஒன்று போட்டுக்கொள்ளலாம்" என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டோம். "நாளைக்கு எழுதுகிறேன் டீச்சர்" என்று வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட்ட உங்களை நிற்க வைத்தேனே, அந்தத் தண்டனை எனக்கே வந்து சேர்ந்தது.

பூட்டுக்குப் பேர் போன ஊரில் சாவியைத் தொலைத்தோம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஊரும் கைவிடவில்லை. சாவி போடுகிற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வெட்டாத சாவி ஒன்றைக் கதவுப் பூட்டில் நுழைத்துத் திருகினார், வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், தடம் விழுந்த இடத்தில் அரத்தால் ராவினார். மறுபடி நுழைத்தார், மறுபடி ராவினார். முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. எல்லாரும் கைதட்டினோம். அதே சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார் சார். இன்ஜின் உறுமியது. இரண்டே விநாடி. அணைந்துவிட்டது. முன்பலகையில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது.

"சாவியில குறை இல்லம்மா. உள்ள சிப்பு இருக்கணும். அது இல்லாம வண்டி ஏத்துக்காது" என்றார் பெரியவர்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினோம். சாவி சரியாக இருந்தும் வண்டி ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு இந்தக் கேள்வி தூக்கம் வரவிடவில்லை. வண்டி வந்து சேர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று பாடமாக எழுதுகிறேன். பரீட்சை கிடையாது, பயப்படாமல் படியுங்கள்.

எகிப்து, மேற்கு ஆசியப் பகுதிகளில் பழங்காலத்திலேயே மரப் பூட்டுகள் இருந்தன. கதவின் குறுக்கே ஒரு மரத் தாழ்ப்பாள். அதன் துளைகளில் மேலிருந்து மர முளைகள் விழுந்து நின்றுகொள்ளும். சாவி பல் துலக்கும் பிரஷ் போல இருக்கும். அதன் பற்களை உள்ளே விட்டுத் தூக்கினால் முளைகள் எல்லாம் ஒன்றாக மேலே போகும், தாழ்ப்பாள் நகரும்.

இதே எண்ணத்தைச் சிறிய உலோக உருளைக்குள் அடக்கியவர் அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர். அவருடைய காப்புரிமை 1861-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே சின்னச் சின்னக் குச்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். காலைப் பிரார்த்தனையில் குட்டையும் நெட்டையுமாக நிற்கும் பிள்ளைகளுக்கு வேறு வேறு உயரத்தில் பலகை போட்டால் எல்லார் தலையும் ஒரே மட்டத்துக்கு வருமல்லவா? சாவியில் இருக்கும் மேடு பள்ளங்கள்தான் அந்தப் பலகைகள். எல்லாக் குச்சியும் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் உருளை சுழலும். நம் வீட்டுக் கதவிலும் கார்க் கதவிலும் இருப்பவை பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பூட்டுகள், அல்லது இதன் தம்பி தங்கைகள்.

திண்டுக்கல் பூட்டு வேறு வகை. அதில் லீவர்கள் எனப்படும் தகடுகள் இருக்கும். கையால் செய்யும் அந்த மாங்காய்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எந்த வகையானாலும் ஒன்று பொது. சாவி என்றால் ஒரு வடிவம். வடிவத்தைக் கண்ணால் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம், கை தேர்ந்தவர் இன்னொன்று செய்துவிடலாம்.

பூட்டுச் சரித்திரத்தில் மறக்கக் கூடாத வருடம் 1851. லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்த வருடம். அங்கே பிரேமா என்ற கம்பெனி பிக்கடில்லி தெருவில் இருந்த தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டைப் பல வருடங்களாக வைத்திருந்தது. சாவியில்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகையும் வைத்திருந்தது. யாராலும் முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர் முதலில் சப் கம்பெனியின் புகழ்பெற்ற பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிரேமா பூட்டில் உட்கார்ந்தார். 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார். ஊரே கொதித்தது. பூட்டின் குறையை ஊரறியச் சொல்லலாமா, திருடனுக்குப் பாடம் நடத்துவது போல ஆகாதா என்று வாதம் கிளம்பியது. திருடனுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பவர் பூட்டு வாங்குகிற அப்பாவிதான் என்று மறுபக்கம் பதில் வந்தது. இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது காருக்கு வருவோம். ஆரம்ப காலக் கார்களைக் கிளப்ப, முன்னால் ஒரு இரும்புப் பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்து அந்தத் துன்பத்தைத் தீர்த்தது. ஃபோர்டு மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. 1919-இல் அதற்கும் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. சாவி போட்டுத் திருகும் சுவிட்ச் இருந்தது, ஆனால் மொத்தம் 24 வகைச் சாவிகள்தான்! எந்தச் சாவி என்ற எண்ணும் சுவிட்சின் முகத்திலேயே பொறித்திருக்கும். 24 சாவி வைத்திருப்பவன் அத்தனை லட்சம் கார்களுக்கும் சொந்தக்காரன் என்று சொல்லலாம். சாவியைத் திருகினாலே இன்ஜின் கிளம்பும் முறையை 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது.

நம் நாட்டில் 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தன் கையால் கொடுத்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துச் சாவி வெறும் உலோகம். தொலைந்தால் தெருமுனைக் கடையில் பத்து நிமிட வேலை.

அந்த எளிமையே திருடனுக்கும் வசதியாக இருந்தது. வெளிநாடுகளில் கார்த் திருட்டு பெருகியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1986-ஆம் ஆண்டுக் கார்வெட் காரின் சாவியில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. வடிவம் சரியாக இருந்தாலும் மின்தடையின் அளவு பொருந்தாவிட்டால் வண்டி கிளம்பாது. ஆனால் 15 அளவுகள்தான். பதினைந்து முறை முயன்றால் தீர்ந்தது.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஜெர்மனியில் கார்த் திருட்டு மிகவும் கூடியது. காப்பீட்டு நிறுவனங்கள் நெருக்கின. சாவித் தலையில் சிப் வைக்கும் முறை பரவியது. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதியால், 1998 அக்டோபர் முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் கட்டாயமானது. இம்மொபிலைசர் என்றால் உரிய சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத ஏற்பாடு.

அது வேலை செய்யும் விதம் அழகானது. சாவித் தலையில் இருக்கும் அந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைப் போட்டதும் அந்தச் சுருளின் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகிலும் பேட்டரி இல்லை, சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் அலையில்தான் அது விழித்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட அதே கதை.

பிறகு வண்டி ஒரு எண்ணைக் கேள்வியாக அனுப்புகிறது. சிப் தனக்குள் இருக்கும் ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்கிறது. வண்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் இன்ஜின் ஓடும். அடுத்த முறை கேள்வி மாறும், அதனால் பழைய விடையைக் காப்பியடித்துப் பயனில்லை. நான் தேர்வு வைத்த முறையும் இதுதான் என்பது உங்களுக்குத் தெரியும்!

ஆக, இன்று கார்ச் சாவி போடுவது இரண்டு வேலை. ஒன்று, உலோகத்தை வெட்டுவது. இரண்டாவது, புதிய சிப்பை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்துவது. அதைத்தான் புரோகிராம் செய்வது என்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் இணைப்பில் கருவியைச் செருகி, அந்த வண்டிக்கு உரிய ரகசிய எண்ணைக் கொடுத்து, புதிய சாவியைப் பதிவு செய்கிறார்கள். திண்டுக்கல் பெரியவர் முதல் வேலையைப் பிழையில்லாமல் செய்தார். இரண்டாவது வேலைக்கான எண் அவர் கையில் இல்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்.சி. புத்தகம், ஆதார், விண்ணப்பம், போலீஸில் கொடுத்த புகாரின் நகல் எல்லாம் கேட்டார்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஒரு செலவு. சாவி வர ஒரு வாரம். மொத்தம் ரூ.11,000-க்கு மேல் ஆனது. அதற்குள் சாரின் மாதாந்திர இருதயப் பரிசோதனை நாள் வந்து, வாடகைக் காரில் போய் வந்தோம். கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது. யார் வந்து கேட்டாலும் என் காருக்குச் சாவி கொடுக்கும் ஊராக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேனா?

இதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. அங்கே இம்மொபிலைசர் கட்டாயம் இல்லை. 2015-ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் அது இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது என்கிறது காப்பீட்டு ஆய்வு அமைப்பின் கணக்கு. 2021 முதல் மில்வாக்கி போன்ற நகரங்களில் பையன்கள் அந்தக் கார்களின் சாவித் துளையை உடைத்து, யு.எஸ்.பி. கேபிளின் முனையால் திருகி ஓட்டிப்போனார்கள். 2007 முதல் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கிய பக்கத்து நாடான கனடாவில் அந்தத் தொல்லை அப்படிப் பரவவில்லை.

அதற்காக ரகசியம் என்பதே முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1851-ஐ நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தினரும் சேர்ந்து, லட்சக்கணக்கான கார்களில் இருந்த ஒரு சிப்பின் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். மெகாமாஸ் என்ற இன்னொரு சிப்பின் குறையைக் கண்டுபிடித்தவர்கள் அதை 2013-இல் வெளியிட இருந்தபோது, ஃபோக்ஸ்வாகன் கேட்டதன் பேரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு வருடம் கழித்து, 2015-இல், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஹாப்ஸ் காலத்து வாதம்தான், பூட்டு மட்டும் வேறு. அந்த இரண்டு வருடமும் குறை வண்டியில் இருந்தது. தெரியாதவர் வண்டிக்காரர் மட்டுமே.

இந்த எட்டு நாள் படிப்பில் எனக்குப் புரிந்தது இதுதான். சாவி வடிவமாக இருந்தவரை, அதைச் செய்யும் உரிமை கை தேர்ந்தவருக்கெல்லாம் இருந்தது. ரகசிய எண்ணாக மாறியதும், அந்த எண்ணை வைத்திருப்பவரிடம் உரிமை போய்விட்டது. திருட்டைத் தடுக்க இது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்து வண்டி வாங்கிய நானே, என் வண்டியின் எண் என்ன என்று இன்னொருவரிடம் கேட்டு நிற்கிறேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அன்று கூலியாக ரூ.400 தான் வாங்கினார், மனசு கேட்கவில்லை. "புரோகிராம் பண்ற மிஷின் இப்ப கடையிலயே கிடைக்குதும்மா. பையன் வாங்கணும்கிறான். லட்சத்துக்கு மேல. வாங்கினாலும் சில வண்டிக்குக் கம்பெனி நம்பர் குடுத்தாத்தான் வேலை நடக்கும்" என்றார். ஆர்.சி.யைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பயிற்சி பெற்ற கடைக்காரருக்கும் அந்த எண்ணைத் தர ஒரு முறை வகுக்க முடியாதா? உங்களில் சட்டம் படித்தவர்களும் வாகனத் துறையில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். பதில் சொல்லுங்கள்.

கடைசியாக, டீச்சர் சொல்லும் வீட்டுப்பாடம். ஒரே சாவி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே இரண்டாவது சாவி போடுங்கள். ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று சேர்ப்பது சுலபம், இரண்டும் போனால்தான் இத்தனை பாடு. புது வண்டியோடு சாவி எண் பொறித்த சின்னத் தகடு வந்திருந்தால் அதை வீட்டில் பத்திரமாக வையுங்கள், சாவிக் கொத்திலேயே மாட்டாதீர்கள். சாவி தொலைந்தால், பழைய சாவியின் பதிவை வண்டியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

எங்கள் புதிய சாவிகள் இரண்டு. ஒன்று சாரிடம். மற்றது அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், நான் மட்டும் அறிந்த இடத்தில். அந்த ரகசியத்தை உடைக்கப் பேரனால் முடியாது என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் டீச்சர்