கம்பிகளால் கட்டிய கணினிகள்

பெங்களூரு முருகேஷ்பாளையத்தை ஒட்டி விண்ட் டனல் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. என்.ஏ.எல். என்று ஊரார் சொல்லும் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தால் வந்த பெயர் அது. 1967-இல் இயங்கத் தொடங்கிய 1.2 மீட்டர் சுரங்கம். விமானங்கள், ராக்கெட்டுகள் ஆகியவற்றின் சிறு மாதிரிகளை உள்ளே நிறுத்தி, ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றைப் பாய்ச்சி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அளப்பார்கள். அதே காற்றைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட முடியாதா என்ற கேள்வி எண்பதுகளில் அந்த ஆய்வகத்துக்குள் வலுத்தது. சமன்பாடுகள் பழையவைதாம். அவற்றைத் தீர்க்கும் அளவுக்குப் பெரிய கணினிதான் கையில் இல்லை.

1986 டிசம்பரில் அங்கே ஒரு எந்திரம் ஓடத் தொடங்கியது. நான்கு இன்டெல் 8086 சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் துணையாக 8087 என்ற கணக்குச் சில்லு. கடையில் கிடைத்த சரக்குதான். நான்கையும் இணைத்து ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைத்தார்கள். பாய்மங்களின் ஓட்டத்தைத் தீர்ப்பதால் அதற்கு ஃப்ளோசால்வர் என்று பெயர். ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர் ரோதம் நரசிம்மா முன்னின்று ஊக்கினார், யூ.என். சின்ஹாவின் குழு கட்டியது. இந்தியாவின் முதல் இணைக் கணினி என்று சொல்லப்படுவது இதுதான். புனேயில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் கட்டிய பரம் 8000 புகழோடு வெளிவந்தது 1991-இல். ஃப்ளோசால்வருக்கு அந்தப் புகழில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை என்பது நியாயமற்றது.

நான்கு சில்லுகளை வாங்குவது யாராலும் முடியும். சிரமமெல்லாம் அவற்றுக்கு இடையில்தான். ஒரு விமான இறக்கையைச் சுற்றியுள்ள வெளியை நான்கு துண்டாக்கி நான்கு சில்லுகளிடம் கொடுத்தால், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் என்ன நடக்கிறது என்பது பக்கத்துத் துண்டுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக் கணக்கு முடிந்ததும் ஓரத்து எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்ளும் நேரம் கணக்கிடும் நேரத்தைத் தின்றுவிட்டால், நான்கு சில்லு இருந்தும் ஒன்றின் வேகம்தான் மிஞ்சும். பெங்களூரின் பெருங்கணினிகளின் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியின் வரலாறு. சில்லுகள் எங்கிருந்தோ வந்தன. அவற்றைக் கோக்கும் கம்பியில்தான் இந்த ஊர் தன் மூளையைச் செலவிட்டது. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரும் சூப்பர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவரும் இங்கே அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதும், பல சமயம் ஒரே ஆளாக இருப்பதும் அதனால்தான்.

ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் கதை இன்னும் முன்னால் தொடங்குகிறது. ஐம்பதுகளின் நடுவில் விஸ்கான்சினிலிருந்து வந்த பேராசிரியர் வின்சென்ட் ரைட்அவுட் அங்கே ஒரு அனலாக் கணினியை உருவாக்கினார். அந்த வேலையில் சேர்ந்துகொண்ட இளைஞர்களில் ஒருவர் வி. ராஜாராமன். 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர், டெல்லியில் படித்து வளர்ந்தவர். பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம், ஐஐடி கான்பூரில் ஆசிரியப் பணி. 1963-இல் கான்பூருக்கு ஐபிஎம் 1620 வந்து இறங்கியபோது, அதைச் சுற்றிக் கணினிப் படிப்பைக் கட்டியெழுப்பியவர்களில் அவரும் உண்டு. மலிவு விலையில் அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூலை வைத்துத்தான் ஒரு தலைமுறை நிரல் எழுதக் கற்றது. எம்சிஏ என்ற பட்டப்படிப்பு இந்நாட்டில் தோன்றக் காரணமான பரிந்துரையைத் தந்த குழுவுக்கும் அவரே தலைவர். கணினிகளைக் கட்டிக் காக்க ஆள் வேண்டும், அந்த ஆளைப் பொறியியல் கல்லூரிகள் மட்டுமே தந்துவிட முடியாது என்பதை அவ்வளவு முன்னதாகவே கண்டுகொண்டவர்.

1982-இல் அவர் பெங்களூருக்கே திரும்பி, கழகத்தின் கணினி மையப் பொறுப்பை ஏற்றார். மையம் 1970-இலேயே தொடங்கியது. ஐபிஎம் 360/44 அதன் ஆரம்பகால எந்திரம். அந்தக் காலத்து நடைமுறை எளிது. துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் அதை வாங்கி வரிசையில் வைப்பார். அச்சடித்த தாள் பிறகு வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் தாளில் பிழைச் செய்தி மட்டும் இருக்கும், மறுபடியும் வரிசை. எந்திரத்துக்கும் ஆராய்ச்சியாளருக்கும் நடுவில் நின்றவர் அந்த ஆபரேட்டர்தான். யாருடைய கட்டு முதலில் போகும், இரவில் எது ஓடும், எதை நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொண்டவர். இன்றைய எச்பிசி, அதாவது உயர்திறன் கணினி, நிர்வாகியின் வம்சாவளியைத் தேடினால் அந்த ஜன்னலில் போய் முட்டும்.

எண்பதுகளின் நடுவில் அறிவியல் கழகமும் ஒரு கிரே சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஆசைப்பட்டது. கழகத்துக்கு அதைத் தர அமெரிக்கா மறுத்தது. வானிலைக் கணிப்புக்காக டெல்லிக்கு மட்டும் ஒரு கிரே எக்ஸ்-எம்பி/14-ஐ, பல நிபந்தனைகளோடு விற்றது. சி-டாக் 1988-இல் பிறந்ததற்கு அந்த மறுப்பு ஒரு காரணம் என்பது பலருக்கும் தெரியும். அதே மறுப்பு பெங்களூரில் வேறொரு முடிவுக்குக் கொண்டுபோனது. 1990-இல் கணினி மையம் சூப்பர் கம்ப்யூட்டர் கல்வி, ஆய்வு மையமாக, சுருக்கமாக செர்க்காக, மாறியபோது ராஜாராமன் ஒற்றைப் பெரிய எந்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு கணினி, எல்லாவற்றையும் இணைக்க வேகமான நெட்வொர்க், அவரவர் துறையிலிருந்தபடியே வேலை செய்யலாம் என்று அமைத்தார். ஜன்னலின் அவசியம் அதோடு குறைந்தது. வளாகம் முழுக்க ஓடிய கேபிள்தான் இனி மையம்.

அந்தக் கேபிளுக்கு அப்பால் என்ன இருந்தது? எர்நெட். 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய கல்வி வலையமைப்பு இது. ஐந்து ஐஐடிகள், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை ஆகியவற்றோடு அறிவியல் கழகமும் ஆரம்ப உறுப்பினர். பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த வளாகங்களில் மின்னஞ்சல் போய்வந்தது. நொடிக்கு 9.6 கிலோபிட் என்பது அன்றைய வாடகைக் கம்பியின் வேகம். ஒரு மெகாபைட் கோப்பு போய்ச்சேர, இடையில் எதுவும் அறுந்துபோகாமல் இருந்தால், கிட்டத்தட்ட கால் மணி நேரம். அறுந்தால் முதலிலிருந்து. அப்படியொரு கம்பியில் யாருடைய அஞ்சலும் தொலையாமல் பார்த்துக்கொள்வதே முழுநேர வேலை. இந்நாட்டின் முதல் தலைமுறை நெட்வொர்க் நிர்வாகிகளில் கணிசமானோர் அந்த வேலையைச் செய்துதான் தொழில் கற்றார்கள். அதற்கென்று பாடத்திட்டம் எதுவும் அப்போது இல்லை.

நகரத்தின் இன்னொரு பக்கம், 1985-இல் மில்லர்ஸ் ரோட்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கடை விரித்து, சில்லு வடிவமைப்பைச் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. தொண்ணூறுகளில் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காவின் தரைநிலையம் எலக்ட்ரானிக் சிட்டி நிறுவனங்களுக்கு அந்த வசதியைப் பொதுவாக்கியது. ஐடி நகரத்தின் கதையாக எல்லோரும் சொல்வது இந்தப் பாதியைத்தான்.

என்.ஏ.எல். தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. டெல்லியில் கிரே ஓட்டிய டி-80 வானிலை மாதிரியை ஃப்ளோசால்வரின் அடுத்த தலைமுறை எந்திரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த மாதிரியில் ஒரு தொல்லை உண்டு. உலகம் முழுவதன் காற்றையும் அலைகளாகப் பிரித்துக் கணக்கிடுவதால், ஒவ்வொரு காலப்படியிலும் எல்லாச் செயலிகளின் எண்களையும் ஒன்றாகக் கூட்டியாக வேண்டும். பக்கத்துத் துண்டோடு பேசினால் மட்டும் போதாது. செயலிகள் பெருகப் பெருக இந்தக் கூட்டல் கழுத்தைப் பிடிக்கும். சின்ஹாவின் குழு யோசித்துக் கண்ட தீர்வு ஃப்ளோஸ்விட்ச்: எண்களை இங்கிருந்து அங்கே கடத்துவதோடு நில்லாமல், கடத்தும்போதே கூட்டியும் விடும் ஸ்விட்ச். கம்பியே கணக்குப் போடுகிறது. ஐபிஎம்மின் ப்ளூ ஜீன்/எல் எந்திரத்திலும், பின்னாளில் இன்ஃபினிபேண்ட் ஸ்விட்சுகளிலும் இதே எண்ணம் இடம்பெற்றிருக்கிறது. ஃப்ளோசால்வர் வரலாற்றில் அறிந்தவர்கள் அதிகம் பேச வேண்டிய பக்கம் இதுவே.

2003-இல் பையப்பனஹள்ளி அருகே நாலெட்ஜ் பார்க்கில் சி-டாக் நிறுவிய பரம் பத்மா, உச்ச வேகம் ஒரு டெராஃப்ளாப் (நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கு) என்ற அளவில், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 171-ஆம் இடம் பிடித்தது. செயலிகள் ஐபிஎம்முடையவை; அவற்றைக் கோத்த பரம்நெட் சி-டாக்கின் சொந்தச் சரக்கு. பிறகு கருடா என்ற திட்டம், பெங்களூரிலிருந்து ஒருங்கிணைத்து, 17 நகரங்களின் 45 நிறுவனங்களை ஒரே கணினிக் கட்டமைப்பாக இணைத்துப் பார்த்தது. எங்கோ சும்மா இருக்கும் கணினியில் வேறெங்கோ இருப்பவரின் வேலை ஓட வேண்டும்; அதற்கு ஒவ்வொரு ஊரிலும் கடவுச்சான்று, பாதுகாப்பு, பராமரிப்பு நேரம் எல்லாவற்றையும் ஒத்துப்போகச் செய்ய ஒரு நிர்வாகி வேண்டும்.

கிரே கடைசியில் வரத்தான் செய்தது. 2015-இல் செர்க்கில் நிறுவப்பட்ட சஹஸ்ரடி, கிரே எக்ஸ்சி40 வகை. நோடு எனப்படும் தனிக் கணினிகள் 1,376, நோடுக்கு 24 கோர், ஆக 33,024 கோர். சோதனை ஓட்டத்தில் 901 டெராஃப்ளாப்ஸைத் தொட்டது. உச்ச வேகம் பெட்டாஃப்ளாப்பை, அதாவது ஆயிரம் டெராஃப்ளாப்பை, தாண்டியது. கேட்டும் கிடைக்காத பெயரைச் சுமந்த எந்திரம் அதே வளாகத்தில் முப்பது ஆண்டு கழித்து நின்றது.

இத்தகைய எந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? வேலை ஒன்று நூறு நோடுகளில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது அது. வடத்தில் ஒரு கை தளர்ந்தாலும் தேர் தளரும். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்றாம் நாளும் முடியவில்லை, வால்டைம் எனும் ஒதுக்கிய நேரம் தீர்ந்து க்யூ அதை வெட்டிவிட்டது என்று ஆராய்ச்சி மாணவர் புகார் அனுப்புகிறார். நிரலில் குறை இல்லை. எந்த நோடும் செத்துப்போகவில்லை. செத்திருந்தால் எளிதாகத் தெரிந்திருக்கும். நிர்வாகி லாகுகளைப் புரட்டுகிறார், ஸ்விட்ச் போர்ட் ஒவ்வொன்றின் பிழை எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறார். ஒரே ஒரு போர்ட்டில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நோடை வரிசையிலிருந்து விலக்கிவிட்டு, ரேக்கின் பின்பக்கம் போய், ஃபைபர் முனையைக் கழற்றிப் பார்க்கிறார். தூசி. துடைத்து, சொருகி, சோதனை வேலை ஒன்றை ஓட்டி, நோடைத் திரும்பச் சேர்க்கிறார். மாணவரின் ஆய்வேட்டு நன்றியுரையில் எந்திரத்தின் பெயர் வரும். நிர்வாகியின் பெயரும் வர வேண்டும் என்பது இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்த எவருக்கும் தோன்றும்.

2015-இல் 4,500 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தை நடத்தும் பொறுப்பு புனே சி-டாக்குக்கும் பெங்களூரு அறிவியல் கழகத்துக்கும் சேர்ந்தே கிடைத்தது. அதன் பயனாக 2022 தொடக்கத்தில் கழகத்துக்கு 3.3 பெட்டாஃப்ளாப் வேகமுள்ள பரம் பிரவேகா வந்தது. அன்று இந்தியக் கல்வி நிறுவனம் ஒன்றில் இருந்த மிகப் பெரிய எந்திரம். இதில் செயலிகளைக் குளிர்விப்பது காற்று அல்ல, அவற்றை ஒட்டி ஓடும் திரவம். ஏசி எந்திரத்தைக் கண்காணித்தது போக, இப்போது குழாய் இணைப்பு, ஓட்ட அளவு, கசிவு எச்சரிக்கை ஆகியவையும் நிர்வாகியின் கவலைப் பட்டியலில் உண்டு. இன்னொரு பக்கம், சி-டாக் திரிநேத்ரா என்ற பெயரில் தன் சொந்த இணைப்பு வலையை உருவாக்கியிருக்கிறது. செயலிகளை வெளியிலிருந்து வாங்கினாலும், அவற்றுக்கு நடுவே ஓடும் பேச்சை நாமே எழுதுவது என்ற அந்தப் பழைய முயற்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.